இன்னொன்றிலும் போட்டுப் பார்

ஏப்ரல் 28, திங்கள்

பரீட்சையில் மூன்று மணி நேரம் எழுத வேண்டும், பழக்கம் இல்லாத கை மரத்துப்போகும், அதனால் தினமும் எதையாவது எழுதிப் பழகுங்கள் என்று மருமகள் நர்மதா சொல்லியிருக்கிறாள். எதை எழுத என்று கேட்டேன். "உங்க இஷ்டம் அத்த. நான் எடுத்துப் பாக்க மாட்டேன்" என்றாள். பார்த்தாலும் எனக்கொன்றும் இல்லை, என் கையெழுத்து எனக்கே புரிவதில்லை.

என் பெயர் ஜெயக்கொடி. எங்கள் ஊர் அங்கன்வாடியில் உதவியாளர். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருவது, அடுப்பு பற்றவைப்பது, முட்டை அவிப்பது, கால் கழுவி விடுவது எல்லாம் நான். டீச்சர் என்று பேர் இன்னொருத்தருக்கு. அந்த டீச்சர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். "ஆகஸ்டுல ஆள் போடுவாங்க. அதுக்குள்ள பத்தாவது பாஸ் பண்ணிரு ஜெயக்கொடி, உன் பேரத்தான் எழுதி அனுப்புவேன்" என்று சூப்பர்வைசர் மேடம் வாயாலேயே சொல்லிவிட்டார். மற்ற பாடமெல்லாம் பாஸ். கணக்கு மட்டும் நிற்கிறது. ஜூலையில் துணைத் தேர்வு.

நர்மதா பி.எஸ்ஸி. கணிதம், பி.எட். மதியம் பேத்தி மகி தூங்கும்போது எனக்குப் பாடம். இன்று ஆடு கோழிக் கணக்கு. மொத்தம் ஒன்பது தலை, இருபத்தாறு கால், ஆடு எத்தனை, கோழி எத்தனை. தலையை எண்ணுகிறவனுக்கு எது ஆட்டுத்தலை எது கோழித்தலை என்று தெரியாதா என்று கேட்டேன். அவள் சிரித்துச் சிரித்துப் பிள்ளையை எழுப்பிவிட்டாள்.

ஏப்ரல் 30, புதன்

பரீட்சையில் x, y, z என்று மூன்று மாறி வருமாம். அதற்கு முன்னால் இரண்டு மாறி தடங்கலில்லாமல் வர வேண்டுமாம்.

x + y = 9
3x − 2y = 7

பிரதியிடல் முறை. மேலே உள்ளதிலிருந்து y என்றால் 9 − x என்று எடுத்துக்கொண்டு, கீழே y இருக்கிற இடத்தில் அதைப் போட வேண்டும். போட்டேன். x = 25, y = −16 என்று வந்தது. கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே என்று எனக்கும் பட்டது. ஆனால் இருபத்தைந்தில் பதினாறு போனால் ஒன்பது. சரியாக வருகிறதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நர்மதா நோட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். "எதுல போட்டுப் பாத்தீங்க?"

"மேல உள்ளதுல."

"மேல உள்ளதுலருந்துதான y-ய எடுத்தீங்க. அப்ப அதுல போட்டா எப்பவும் சரியாத்தான் வரும். கணக்கு தப்பா இருந்தாலும் வரும். அது உங்க பக்கந்தான் பேசும். இன்னொண்ணுல போட்டுப் பாருங்க."

போட்டேன். ஏழு வர வேண்டிய இடத்தில் நூற்றேழு வந்தது. மைனஸ் இரண்டையும் மைனஸ் x-ஐயும் பெருக்கும்போது பிளஸ் ஆக வேண்டும், நான் மைனஸாகவே விட்டிருக்கிறேன். சரியான விடை 5, 4. இத்தனை வருடம் முட்டை எண்ணுகிறவளுக்கு இது வராமல் போனது எரிச்சலாக இருந்தது. அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. புளி கரைக்கப் போய்விட்டேன்.

மே 2, வெள்ளி

சிலிண்டர் வந்தது. மகிக்குச் சளி. பாடம் இல்லை.

மே 5, திங்கள்

திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து நர்மதாவுக்குப் போன் வந்தது. போன மாதம் இன்டர்வியூவுக்குப் போய் வந்தாள். அன்று மகியை நான்தான் வைத்திருந்தேன். இப்போது வேலை கிடைத்துவிட்டது. கணக்கு டீச்சர். ஜூன் இரண்டாம் தேதி சேர வேண்டும், வருகிறாளா இல்லையா என்று இந்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். இங்கிருந்து தினமும் போய் வர முடியாது. வாரம் முழுக்க அங்கே தங்கி, சனிக்கிழமை வர வேண்டும்.

சாயங்காலம் என் மகன் அருள்குமார் டைல்ஸ் கடையிலிருந்து வந்ததும் இருவரும் அறைக்குள் பேசினார்கள். சாப்பிட உட்கார்ந்தபோது என்ன முடிவு என்று அருளைக் கேட்டேன்.

"அவளுக்கு இஷ்டமில்லம்மா. மகி சின்னப் பிள்ள, விட்டுட்டுப் போக மனசு வரலங்குறா. நானும் வற்புறுத்தல."

எந்தத் தாய்க்குத்தான் மனசு வரும். சரிதான் என்றேன். நர்மதா அடுப்படியில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தத்தில் அவள் காதில் விழுந்திருக்காது.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன். அவள் போய்விட்டால் மூன்று மாறியை எனக்கு யார் சொல்லித் தருவார்கள்?

மே 6, செவ்வாய்

நீக்கல் முறை. இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்றை எடுத்து இன்னொன்றில் திணிக்கிற வேலையே இல்லை. y இரண்டு வரியிலும் ஒரே அளவாக இருக்கும்படி பெருக்கிக்கொண்டு, கூட்டவோ கழிக்கவோ செய்தால் y ஓடிப்போகும். மிச்சம் x. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

கழிக்கும்போது கீழ்வரியின் குறிகளையெல்லாம் மாற்ற வேண்டும். பலகையில் எழுதிக் காட்டும்போது நர்மதா ஒரு குறியை மாற்றாமல் விட்டுவிட்டாள். நான் சொன்னதும் அழித்தாள். அவளுக்குத் தப்பு வந்து நான் பார்த்ததே இல்லை. வெயில் அப்படி அடிக்கிறது.

ரசத்தில் உப்பு இல்லை.

மே 7, புதன்

நர்மதா சான்றிதழ் ஃபைலை எடுத்து மொட்டைமாடி வெயிலில் காயவைத்திருந்தாள். ஏன் என்றேன். பூச்சி அரித்துவிடும் என்றாள். ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். பூச்சி ஒன்றையும் நான் காணவில்லை.

கணக்கில் நாலுக்கு மூன்று சரி.

மே 8, வியாழன்

காலையில் அருளிடம் இன்னொரு தடவை கேட்டேன். "அவ நெசமாவே வேணாம்னாளாடா?"

"எத்தன தடவம்மா கேப்ப? வேணாம்னுதான் சொன்னா."

கேட்டுவிட்டேன். இரண்டு தடவை கேட்டாயிற்று. அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்?

இன்று அங்கன்வாடியில் ஓய்வுபெறும் டீச்சருக்கு வாங்கப்போகும் சேலையைப் பற்றிப் பேச்சு. எல்லாரும் என்னை இப்போதே டீச்சர் என்று கேலி பேசுகிறார்கள். வாய் மூடுங்கடி என்றேன். பிடிக்காமல் இல்லை.

மே 9, வெள்ளி

கை வலிக்கிற வரைக்கும் எழுத வேண்டிய நாள்.

மதியம் வழக்கம்போல உட்கார்ந்தோம். மகி தூங்கிவிட்டாள். நர்மதா கொடுத்த கணக்கு:

2x + y = 11
5x − 3y = 11

பிரதியிட்டேன். x = −2, y = 15. முதல் வரியில் போட்டேன், பதினொன்று வந்தது. நோட்டை மூடினேன்.

"இன்னொண்ணு, அத்த" என்றாள்.

"வந்துருச்சு, விடு."

"இன்னொண்ணுலயும் போடுங்க."

"ஒனக்கு என்னைக்கும் ஒரு தடவ சொன்னா பத்தாதா?" என்று சத்தம் போட்டுவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தாள். அவளுடைய போன் பக்கத்திலேயே இருந்தது. இன்று காலையிலிருந்து அதைக் கையோடு வைத்துக்கொண்டே திரிந்தாள். யாரும் கூப்பிடவும் இல்லை, அவளும் யாரையும் கூப்பிடவில்லை.

நோட்டைத் திறந்தேன். இரண்டாவது வரியில் போட்டேன். பதினொன்றுக்குப் பதில் மைனஸ் ஐம்பத்தைந்து வந்தது. முப்பத்து மூன்றை அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது குறியை மாற்றவில்லை. 4, 3 என்று வந்திருக்க வேண்டும்.

பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அருளைக் கேட்டேன். மறுபடியும் அருளையே கேட்டேன். இரண்டு தடவையும் ஒரே பதில் வந்ததும் சரிபார்த்துவிட்டதாக நிம்மதிப்பட்டேன். அவன் சொன்னதை அவனிடமே கேட்டால் வேறு என்ன வரும்? இந்த வீட்டில் எனக்கு மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லித் தருகிறவளை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறந்துபோய் அல்ல. கேட்டால் என்ன சொல்வாளோ என்று பயம்.

"நர்மதா, ஒண்ணு கேக்கேன். அருளு சொன்னத விடு. திண்டுக்கல்லுக்குப் போக உனக்கு இஷ்டமா, இல்லையா?"

அவள் என்னையே பார்த்தாள். "உங்களுக்கு இஷ்டமில்லன்னு அவரு சொன்னாரே அத்த."

"எனக்கா?"

"பரீட்ச நேரத்துல பிள்ளையையும் வீட்டையும் தலைல கட்டிட்டுப் போறாளேன்னு அம்மா வருத்தப்படுறாங்க, வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்கன்னு சொன்னாரு. நீங்களும் அதுக்கப்பறம் ஒண்ணுமே கேக்கல. அப்ப நெசந்தான் போலன்னு நெனச்சேன்."

அவளுக்கு மனசில்லை என்று என்னிடம். எனக்கு மனசில்லை என்று அவளிடம். நடுவில் நின்று இரண்டு பேரையும் கழித்துவிட்டான் என் மகன்.

அவன்மேல் ஆத்திரம் வந்தது. அதைவிட என்மேல் வந்தது. நான் அப்படி அவனிடம் சொல்லவே இல்லை, சாமி சத்தியமாக. ஆனால் நினைத்தேன். பெற்ற பிள்ளைக்கு அது தெரிந்திருக்கிறது.

"மகி எங்கூட அங்கன்வாடிக்கு வந்துட்டுப் போறா. ஊர்ப்பிள்ள அம்புட்டையும் பாக்கேன், எம்பேத்தியப் பாக்க மாட்டனா? உனக்கு இஷ்டமா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"இஷ்டந்தான்" என்றாள். அதைச் சொல்லும்போதே கண்ணில் தண்ணீர். "ரொம்ப இஷ்டம் அத்த. காலேஜ் முடிச்சதுலருந்து இதத்தான் நெனச்சிட்டிருக்கேன். ஆனா உங்க பரீட்ச?"

"எம்பரீட்சைய நான் எழுதிக்கிருவேன். போனப் போடு."

பள்ளிக்கூட ஆபீசில் எடுத்தவர், தலைமையாசிரியர் சாப்பிடப் போயிருக்கிறார், நாலு மணிக்குக் கூப்பிடுங்கள் என்றார். நாலு மணிவரைக்கும் நாங்கள் இருவரும் ஒரு கணக்கும் போடவில்லை. மகி எழுந்து பால் குடித்து மறுபடி விளையாடப் போனாள். நாலுக்கு அடித்தபோது லைன் கிடைக்கவில்லை. மறுபடி அடித்தாள். தலைமையாசிரியர் அம்மாவே பேசினார். பதிலே வராததால் அடுத்த ஆளைக் கூப்பிடலாம் என்றிருந்தாராம். அசல் சான்றிதழோடு திங்கட்கிழமை நேரில் வரச் சொன்னார். போனை வைத்துவிட்டு நர்மதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது, விடுவித்துக்கொண்டேன்.

அருள் வந்தான். தோசை ஊற்றிக்கொண்டே கேட்டேன். "நர்மதாவ அனுப்ப எனக்கு இஷ்டமில்லன்னு உங்கிட்ட எப்படா சொன்னேன்?"

அவன் நர்மதாவைப் பார்த்தான். அவள் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லலம்மா. உனக்குக் கஷ்டமா இருக்கும்னு எனக்குத் தெரியாதா? உனக்காகத்தான்."

"எனக்குக் கஷ்டம்னா நான் சொல்லிக்கிருவேன், எனக்கென்ன வாய் இல்லையா? அவளுக்கு இஷ்டமில்லன்னு எங்கிட்டச் சொன்னது யாருக்காக?"

தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. கடைசியில் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அங்க போயிட்டா அவளுக்கு இந்த ஊரு, நானு, எல்லாம் சின்னதாத் தெரியும்மா."

இதை அவளிடம் சொல்லியிருந்தால் அவள் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். என்னிடம் சொல்கிறான். நர்மதா ஊட்டுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த தோசையைத் திருப்பிப் போட்டேன்.

மே 10, சனி

அருள் யாரிடமும் பேசவில்லை. டிபன் பாக்ஸை வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். வெளியில் சாப்பிட்டுக்கொள்வானாம். சாப்பிடட்டும்.

மே 12, திங்கள்

நர்மதா திண்டுக்கல் போய் வந்தாள். வேலை உறுதி. காலையில் அருள்தான் பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டான். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஆனால் பஸ் கிளம்புகிறவரைக்கும் நின்றிருந்தானாம்.

மே 27, செவ்வாய்

அங்கன்வாடிக்குக் கோடை விடுமுறை. காலையில் ஒரு பாடம், மதியம் ஒரு பாடம். நர்மதா போவதற்குள் எல்லாவற்றையும் என் தலையில் ஏற்றிவிடப் பார்க்கிறாள். மூன்று மாறியில் முதலில் ஒன்றை நீக்கி இரண்டாக்க வேண்டும், பிறகு பழைய கதைதான். இப்போது மூன்று வரியிலும் போட்டுப் பார்க்கிறேன், யாரும் சொல்லாமலே. இயற்கணிதம் பரவாயில்லை. வடிவியல் சுத்தமாக ஏறவில்லை. தொடுகோடு வரைந்தால் வட்டத்தை வெட்டிக்கொண்டு போகிறது.

ஜூன் 1, ஞாயிறு

நர்மதா கிளம்பினாள். மகி அழவில்லை, நர்மதாதான் அழுதாள். இட்லிப்பொடி, ஊறுகாய், இரண்டு போர்வை. வடிவியலைப் போனில் சொல்லித் தருகிறேன் என்றாள். முதலில் உன் பிள்ளைகளைப் பார் என்றேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சொன்னேன். அருள் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது.

ஜூன் 14, சனி

வாரக் கடைசியில் வருகிறாள். துணி துவைக்கவும் மகியைக் கொஞ்சவும் நேரம் போய்விடுகிறது, எனக்குப் பாடம் ஒரு மணி நேரம்தான். போனில் தொடுகோடு சொல்லித் தர முடியாது என்பது இருவருக்கும் புரிந்துவிட்டது. வட்டத்தைக் கேட்டு எப்படி வரைவது?

அருளும் அவளும் ஒருவரோடு ஒருவர் மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள். "தண்ணி வேணுமா?" "வேணாம்." விருந்தாளி வீட்டில் பேசுகிற பேச்சு. வார நாட்களில் இவன் அவளைக் கூப்பிடுவதில்லை. அவள் கூப்பிட்டால், "அம்மாகிட்டத் தர்றேன்" என்று போனை என் கையில் திணித்துவிட்டு நகர்ந்துவிடுகிறான்.

ஜூலை 8, செவ்வாய்

பரீட்சை எழுதினேன். பெஞ்சில் என் பக்கத்தில் மீசை முளைத்த பிள்ளை. மூன்று மாறிக் கணக்கு வந்தது, போட்டேன், மூன்றிலும் சரிபார்த்தேன். வடிவியலில் வட்டம் மட்டும் அழகாக வந்தது. கை மரத்துப்போகவில்லை.

ஜூலை 31, வியாழன்

முடிவு வந்துவிட்டது. முப்பத்தொன்று. முப்பத்தைந்து வேண்டும்.

அங்கன்வாடியில் சூப்பர்வைசர் மேடம் வருத்தப்பட்டார். பக்கத்து ஊர் உதவியாளர் பாஸாம், அவர் பேரை அனுப்புகிறாராம். "மருமகள இந்த ஒரு மாசம் பிடிச்சு வச்சிருந்தா நீ டீச்சர் ஆயிருப்ப ஜெயக்கொடி" என்றார். இருக்கலாம் மேடம் என்றேன். பிள்ளைகளுக்குச் சோறு போட நேரமாகிவிட்டது.

நர்மதாவுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். அவள் ஸ்டாஃப் ரூமில் இருந்தாள், சத்தமில்லாமல் அழுதாள். என்னால்தான் என்றாள். "எனக்கு வட்டம் வராது தாயி, அதுக்கு நீ என்ன பண்ணுவ? மார்ச்சுல மறுபடி எழுதுறேன்" என்றேன். வருத்தமே இல்லை என்று இங்கே எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது. டீச்சர் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள், இனி அவர்களும் நிறுத்த வேண்டும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையை மறுபடி கொடுத்தாலும் போனைப் போடு என்றுதான் சொல்வேன்.

சாயங்காலம் அருள் வந்தான். கடையிலேயே செல்லில் மதிப்பெண்ணைப் பார்த்திருக்கிறான். கொஞ்ச நேரம் என்னையே சுற்றிச் சுற்றி வந்தான். தோசைக்கு உட்கார்ந்தபோது தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்.

"அம்மா, நர்மதாகிட்ட நீ பேசுறப்ப சொல்லேன். இந்தச் சனிக்கிழம அவ வர வேணாம், நான் மகியக் கூட்டிக்கிட்டு அங்க வர்றேன்னு. அவ எடுக்குற கிளாஸு, தங்கியிருக்குற எடம், ஒண்ணும் நான் பாக்கல. அவளுக்கு இஷ்டமான்னு கேட்டுச் சொல்லு."

தோசைக்கரண்டியைக் கீழே வைத்தேன். "ஏன், அவ நம்பரு உங்கிட்ட இல்லையா?"

கையிலிருந்த விள்ளலைத் தட்டில் போட்டான். பிறகு கையைக் கழுவினான், போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். முதலில் சத்தமே இல்லை, மணி அடித்துக்கொண்டிருந்தது போல. அப்புறம் பேச்சு கேட்டது. வெகுநேரம் பேசினான். தோசை ஆறிவிட்டது, நான் கூப்பிடவில்லை.